தாருக்குக் கீழே எத்தனை அங்குலம்?

பனி கரைந்த கையோடு இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டிரைவ்வே, அதாவது வீதியிலிருந்து கராஜ் வரை கார் போகும் வாசல் பாதை, பற்றியவை. அதனால் இந்த மாதம் முழுக்க அதையே எடுத்துக்கொள்கிறேன். புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ரொறன்ரோவைச் சுற்றியுள்ள ஊர்களில் 22 வருடம் தார் போடும் வேலை செய்தவன் நான். முதலில் ரேக் பிடித்தேன், பிறகு ரோலர் ஓட்டினேன், கடைசி ஒன்பது வருடம் வீடு வீடாகப் போய் அளந்து விலை எழுதிக் கொடுத்தேன். இப்போது எந்த நிறுவனத்துக்காகவும் வேலை செய்யவில்லை. யாரிடம் கொடுக்கலாம் என்று பெயர் கேட்டு எழுதியவர்களுக்கு என்னால் பெயர் சொல்ல முடியாது. என்ன கேட்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

*

கேள்வி: எங்கள் வீடு கட்டி 26 வருடமாகிறது. டிரைவ்வே 20 அடிக்கு 30 அடி. கராஜ் கதவுக்கு முன்னால் ஒரு பக்கம் தாழ்ந்து தண்ணீர் நிற்கிறது; அந்த இடம் முழுவதும் சின்னச் சின்ன வெடிப்பு. மூன்று பேரிடம் விலை கேட்டேன். ஒருவர் 2,700 டொலர், காசாகத் தந்தால் வரி இல்லை என்கிறார். அடுத்தவர் 4,500, மூன்றாமவர் 6,300. இவர்கள் இருவருக்கும் வரி தனி. மூவருமே ‘மூன்று அங்குலம் தார்’ என்றுதான் சொல்கிறார்கள். ஒரே வேலைக்கு ஏன் இவ்வளவு வித்தியாசம்?
– வாசகர், ஸ்காபரோ

பதில்: ஐயா, அது ஒரே வேலை அல்ல. மூன்று பேரும் மூன்று வேறு வேலைகளுக்கு விலை சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் அனுப்பிய மூன்று தாள்களையும் வைத்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

2,700 சொன்னவர் பழைய தாரை எடுக்கப் போவதில்லை. அதன் மேலேயே புதுத் தாரைக் கொட்டி உருட்டிவிட்டுப் போவார். 4,500 சொன்னவர் பழையதை உடைத்து ஏற்றிப்போய், கீழே இருக்கும் சல்லியை ‘தேவையான இடத்தில்’ நிரவி, ஒரே அடுக்காகத் தார் போடுவார். 6,300 சொன்னவர் ஓரடி வரை தோண்டி, எட்டு அங்குலத்துக்குப் புதுச் சல்லி போட்டு இறுக்கி, அதற்கு மேல் இரண்டு அடுக்குத் தார் போடுவார். கீழே எச்.எல்.8 என்ற பெரிய கல்லுக் கலவை, மேலே எச்.எல்.3 என்ற சின்னக் கல்லுக் கலவை. முடிந்த அன்று மாலை பார்த்தால் மூன்றும் ஒரே கறுப்பாகத்தான் இருக்கும். மார்ச் மாதம்தான் வித்தியாசம் தெரியும்.

மார்ச்சில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருக்கும், இது பலருக்குத் தெரியும். தெரியாதது என்னவென்றால், வண்டலும் களியும் கலந்த மண் குளிர்காலத்தில் சும்மா இருப்பதில்லை. கீழேயிருந்து ஈரத்தை உறிஞ்சி மேலே இழுத்து, படலம் படலமாகப் பனிக்கட்டி கட்டும். அந்தக் கட்டிகள் தாரைத் தூக்கும். பிறகு வெயில் வந்ததும் மேல் பக்கம் முதலில் இளகும், அடியில் இன்னும் உறைந்தே இருக்கும். இளகிய தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் நடுவில் அகப்பட்டு, சல்லியும் மண்ணும் கஞ்சிபோல ஆகிவிடும். அந்த நேரம் உங்கள் வான் அதன் மேல் ஏறினால் தார் வளையும், வளைந்த இடம் வெடிக்கும். ஒன்ராறியோவில் மார்ச் தொடக்கத்திலிருந்து பல சிறு வீதிகளில் லொறிகளுக்கு அச்சுக்கு ஐந்து தொன் என்று சுமையைக் குறைப்பது இதனால்தான். வீதிக்கே இந்த நிலை என்றால் வீட்டு வாசலைக் கேட்க வேண்டியதில்லை.

நீங்கள் சொல்லும் வெடிப்பைப் படத்தில் பார்த்தேன். கோடை முற்றி வற்றிப்போன குளத்தின் சேறு வெடித்துக் கிடக்குமே, அதே தோற்றம். ஒரு நேர்க்கோட்டு வெடிப்பு என்றால் தார் வயதாகிவிட்டது என்று பொருள். இப்படித் துண்டுதுண்டாக வெடித்தால் கீழே உள்ள அத்திவாரம் போய்விட்டது என்று பொருள். சந்தேகமிருந்தால் மழை பெய்த மறுநாள் ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரை அந்த வெடிப்புக்குள் விட்டு அழுத்திப் பாருங்கள். கல்லில் முட்டி நின்றால் பரவாயில்லை. விரல் நீளத்துக்கு இறங்கி, வெளியே எடுக்கும்போது நுனியில் சேறு ஒட்டியிருந்தால், அதன் மேல் எத்தனை அங்குலம் தார் போட்டாலும் இரண்டு மூன்று குளிர்காலத்தில் அதே வெடிப்பு மேலே வந்து நிற்கும். ஆகவே 2,700 டொலர் வேலை உங்கள் வாசலுக்கு வேண்டாம்.

இனி அந்த ‘மூன்று அங்குலம்’. கொட்டும்போது மூன்றா, ரோலர் போட்ட பிறகு மூன்றா? இந்த ஒரு கேள்வியைக் கேட்டதும் எதிரே நிற்பவரின் முகத்தைப் பாருங்கள். தளர்வாகக் கொட்டிய மூன்று அங்குலம் உருட்டி முடிந்தால் இரண்டே கால், இரண்டரை அங்குலம்தான். உருட்டிய பிறகு மூன்று நிற்க வேண்டுமென்றால் நாலுக்குக் கிட்டக் கொட்ட வேண்டும். கணக்கு எளிது. உங்கள் டிரைவ்வே 600 சதுர அடி. இறுகிய மூன்று அங்குலத்துக்கு ஏறக்குறைய பத்துத் தொன் கலவை வேண்டும். இரண்டு அங்குலத்துக்கு ஏழு தொன் போதும். தார் ஏற்றி வரும் லொறிக்கு ஆலையில் நிறுத்துக் கொடுக்கும் சீட்டு இருக்கும். அதைப் பார்க்கலாமா என்று முதலிலேயே கேட்டு வையுங்கள். ஒரே லொறியில் இரண்டு வீட்டுக்குக் கொண்டு வருவதும் உண்டு, அதில் தவறில்லை. ஆனால் உங்கள் வீட்டுக்கு எவ்வளவு இறங்கியது என்று சொல்லத் தெரிய வேண்டும்.

இப்போது எங்கள் பக்கத்தில் பழையதை அகற்றிப் புதிதாகப் போட சதுர அடிக்கு 7 முதல் 10 டொலர் வரை கேட்கிறார்கள். 4,500 என்றால் சதுர அடிக்கு ஏழரை. 6,300 என்றால் பத்தரை. இரண்டும் நடக்கக்கூடிய விலைதான். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டாமவரைத் திரும்பக் கூப்பிடுவேன். ‘தேவையான இடத்தில்’ என்ற சொல்லை அடித்துவிட்டு, கராஜுக்கு முன்னால் தாழ்ந்த பகுதியை ஓரடி தோண்டிப் புதுச் சல்லி போடுவது, மிச்ச இடத்தில் குறைந்தது ஆறு அங்குலம் நல்ல சல்லி இருக்கிறதா என்று பழைய தாரை எடுத்த பின் உங்களையும் கூப்பிட்டுக் காட்டுவது, உருட்டிய பிறகு மூன்று அங்குலம், கராஜிலிருந்து வீதியை நோக்கி அடிக்குக் கால் அங்குலச் சரிவு, இந்த நான்கையும் எழுதச் சொல்வேன். 5,400 வரை ஏற்றிக் கேட்டாலும் கொடுப்பேன். எச்.எஸ்.ரி. என்ற விற்பனை வரி 13 வீதம் சேர்த்தால் 6,102 டொலர்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 1996 நவம்பரில், நான் ரேக் பிடித்துக்கொண்டிருந்த காலம், ஒரு வீட்டுக்குப் போனோம். தனியாக இருந்த வயதான அம்மா. பழைய தாரை எடுத்ததும் நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு மண் கொழகொழவென்று இருந்தது, சப்பாத்துப் புதைந்தது. தோண்ட வேண்டும் என்றேன். அன்று இன்னும் இரண்டு வீடு இருக்கிறது என்று மேலாளர் சொல்லிவிட்டார். குளிர் ஐந்து பாகை இருக்கும். மெல்லிய அடுக்கு; கொட்டிய பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஆவி அடங்கிவிட்டது. கலவை ஆலையிலிருந்து 150 பாகைக்குக் கிட்ட வரும், 80 பாகைக்குக் கீழே போய்விட்டால் ரோலர் எத்தனை தரம் ஓடினாலும் இறுகாது. நாங்கள் உருட்டியபோது அது இறுகவில்லை, ரோலர் சக்கரத்துக்கு முன்னால் கல்லுகள் உருண்டன. அந்த அம்மா எல்லோருக்கும் தேநீர் கொண்டுவந்து தந்தார். அடுத்த ஏப்ரலில் அந்த வழியால் போனபோது நிறுத்திப் பார்த்தேன். அதே பாய் அகலத்துக்குப் பள்ளம், அதில் தண்ணீர், அந்தத் தண்ணீர் கராஜ் கதவைத் தொட்டுக்கொண்டு நின்றது. அன்று அந்த இடத்தைத் தோண்டியிருந்தால் அரை லொறிச் சல்லியும் இரண்டு மணி நேரமும்தான் போயிருக்கும். விலை எழுதும் வேலைக்கு வந்த பிறகு நான் ஒரு தாளிலும் ‘தேவையான இடத்தில்’ என்று எழுதியதில்லை.

காசு கொடுத்தால் வரியில்லை என்பவரைப் பற்றி: வரி ஏய்ப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், பற்றுச்சீட்டு இல்லையென்றால் நாளைக்கு அவர் உங்கள் வாசலுக்கு வந்தார் என்பதற்கே ஆதாரம் இல்லை.

*

கேள்வி: போன கிழமை ஒருவர் கதவைத் தட்டினார். பக்கத்து வீதியில் வேலை செய்கிறோம், தார் மிஞ்சிவிட்டது, பாதி விலைக்குப் போட்டுத் தருகிறோம் என்றார். கணவர் வேலைக்குப் போயிருந்தார். 1,500 டொலர் முற்பணம் கொடுத்துவிட்டேன். ஒரு துண்டில் ஃபோன் நம்பர் மட்டும் எழுதித் தந்தார். இன்னும் வேலை தொடங்கவில்லை. பயமாக இருக்கிறது, அண்ணா. பணம் போய்விட்டதா?
– வாசகி, பிரம்டன்

பதில்: தங்கச்சி, முதலில் ஒன்று: இதில் ஏமாறுவது நீங்கள் மட்டுமில்லை. மாகாணப் பொலிசார் இந்தத் தந்திரத்தைப் பற்றிப் பல தடவை எச்சரித்திருக்கிறார்கள். தார் மிஞ்சுவது என்பதே பெரும்பாலும் கதை. கலவையைத் தொன் கணக்கில் அளந்து வாங்குகிறோம், சூடு ஆறுவதற்குள் போட்டு முடிக்க வேண்டும். ஒரு முழு டிரைவ்வேக்கு அது மிஞ்சாது. இப்படி வருபவர்கள் பல நேரம் போடுவது அரைத்த பழைய தார்ச் சல்லி. மேலே கறுப்பு எண்ணெய் தெளித்துவிட்டுப் போவார்கள். ஒரு மழைக்குப் பிறகு கையால் கிள்ளி எடுக்கலாம்.

சரி, பணத்துக்கு வருவோம். வீட்டில் வைத்துச் செய்த ஒப்பந்தத்துக்கு ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குப் பத்து நாள் தருகிறது. எழுத்திலான ஒப்பந்தப் பிரதி கையில் கிடைத்த நாளிலிருந்து பத்து நாளுக்குள், காரணம் எதுவும் சொல்லாமல் ரத்துச் செய்யலாம். உங்களிடம் முறையான ஒப்பந்தமே இல்லை. அப்படியென்றால் ஒரு வருடம் வரைக்கும் ரத்துச் செய்ய இடமுண்டு. ரத்து அறிவித்தல் கிடைத்து 15 நாளுக்குள் அவர் பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: அந்த நம்பருக்கு எழுத்தில் அனுப்புங்கள். ‘இன்ன திகதி செய்த உடன்பாட்டை ரத்துச் செய்கிறேன், 1,500 டொலரைத் திருப்பித் தரவும்’ என்றால் போதும். திகதி தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து வையுங்கள். விலாசம் ஏதாவது கிடைத்தால் பதிவுத் தபாலிலும் போடுங்கள். ஈ-ட்ரான்ஸ்ஃபரில் அனுப்பியிருந்தால் வங்கியில் உடனே சொல்லுங்கள். அவர் லொறியோடு வந்து நின்றால் வேலை தொடங்க விடாதீர்கள், வாசலில் காரை நிறுத்தி வைத்துவிட்டுப் பொலிசுக்கு எடுங்கள். பதில் வராவிட்டால் மாகாண நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவுக்கு முறைப்பாடு அனுப்பலாம்.

இதே சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது, எல்லோருக்கும் பயன்படும். ஒப்பந்தத்தில் மதிப்பீட்டு விலை எழுதியிருந்தால், வேலை முடிந்தபின் அதற்கு மேல் பத்து வீதத்தைத் தாண்டிக் கேட்க முடியாது, நீங்களாக வேறு வேலை சேர்த்துக் கையெழுத்துப் போட்டாலொழிய. ‘கீழே மண் மோசம், இன்னும் 2,000 வேண்டும்’ என்று நடு வேலையில் வந்து நிற்பவரிடம் இதைச் சொல்லுங்கள்.

உங்கள் கணவரிடம் இதைச் சொல்லிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். சொல்லாவிட்டால் இன்றிரவே சொல்லிவிடுங்கள். இரண்டு பேராக இருந்தால் அலைவது சுகம்.

*

கேள்வி: ஊரில் வெயிலுக்குத் தார் இளகிக் காலில் ஒட்டும். இங்கே குளிருக்கு வெடிக்கிறது. இரண்டும் ஒரே தார்தானா?
– வாசகர், மிசிசாகா

பதில்: இல்லை. கலவையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு கல்லும் மணலும்தான், மிச்ச ஐந்து பங்குதான் ஒட்டும் தார். அந்த ஐந்து பங்கு ஊருக்கு ஊர் மாறும். தெற்கு ஒன்ராறியோவில் வழக்கமாக பி.ஜி. 58-28 என்ற வகை. தரை 58 பாகை வரை சுட்டாலும் இளகாமல், மைனஸ் 28 வரை குளிர்ந்தாலும் வெடிக்காமல் தாங்கும் என்று கணக்கு. வடக்கே 52-34 போடுவார்கள். வெப்ப நாட்டுக்குக் கடினமான தார் வேண்டும், அதை இங்கே போட்டால் முதல் ஜனவரியிலேயே கண்ணாடிபோல வெடிக்கும். இந்தக் கேள்வியை நீங்கள் ஒப்பந்தக்காரரிடம் கேட்கத் தேவையில்லை, ஆலைகள் இந்த ஊருக்கு ஏற்றதைத்தான் தருகின்றன. எத்தனை அங்குலம் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

*

கேள்வி: போன செப்டெம்பரில் புது டிரைவ்வே போட்டோம். இப்போது ஒரு பெடியன் வந்து உடனே சீல் பண்ண வேண்டும் என்கிறான். பண்ணலாமா? இன்னொரு விஷயம், ஜூலையில் மகளின் சாமத்தியச் சடங்கு. வாசலில் டென்ட் அடிக்கப் போகிறோம்.
– வாசகி, ஏஜக்ஸ்

பதில்: இப்போது வேண்டாம், அக்கா. புதுத் தாரில் இன்னும் எண்ணெய்ப் பசை இருக்கிறது. அது ஒரு முழுக் கோடையைப் பார்த்துக் கறுப்பு வெளிறிச் சாம்பல் நிறத்துக்குத் திரும்பட்டும். ஓகஸ்ட் கடைசியில் பாருங்கள், அல்லது அடுத்த வருடம். இரவிலும் பத்துப் பாகைக்குக் கீழே போகாத, மழையில்லாத இரண்டு நாளாக இருக்க வேண்டும். அப்புறம் மூன்று வருடத்துக்கு ஒரு தரம் போதும். வருடா வருடம் பூசினால் தடித்து உரிந்து வரும். சீல் என்பது மேல்பூச்சு மட்டுமே; பள்ளத்தை நிரப்பாது, வெடித்ததை ஒட்டாது. வெடிப்புக்கு அதற்கென்று உள்ள நிரப்பியை முதலில் விட வேண்டும், அதுவும் இலையுதிர் காலத்துக்குள், தண்ணீர் உள்ளே இறங்கி உறைவதற்கு முன்.

டென்ட் பற்றிக் கேட்டது நல்லது. டென்ட்காரர் இரண்டடி நீள இரும்பு முளையைத் தாரில் அடித்து இறக்குவார். பத்து முளை, பத்து ஓட்டை. ஒவ்வொன்றும் சல்லி வரை தண்ணீர் போக வழி. தண்ணீர்ப் பீப்பாயோ சீமெந்துக் கட்டையோ வைத்துக் கட்டும் டென்ட் வேண்டுமென்று இப்போதே சொல்லி வையுங்கள், கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள். கதிரை, மேசைக் கால்களுக்கும் கவனம் வேண்டும். ஜூலை வெயிலில், முதல் வருடத் தாரில், ஆட்கள் உட்கார்ந்திருக்கும் மெல்லிய கால் கதிரை காசளவுக்குப் பள்ளம் விழுத்தும். பந்திக்கு மேசை போடும் இடத்தில் பிளைவுட் விரித்துவிடுங்கள். சமையலுக்கு காஸ் அடுப்பு வைப்பதாக இருந்தால் தாரில் வேண்டாம், புல்லில் வைக்கச் சொல்லுங்கள். எண்ணெய் சிந்தினால் தார் கரையும், அடுப்புச் சூடும் இளக்கும்.

*

கேள்வி: பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் ஒரு கார். புதிதாகத் தார் போடும்போது பக்கத்தில் நாலடி அகலப்படுத்தினால் என்ன செலவு வரும்? அல்லது முழுவதையும் இன்டர்லொக் கல்லாகவே போட்டுவிடலாமா? உப்புக்கு அதுதான் நல்லது என்கிறார்கள்.
– வாசகர், மார்க்கம்

பதில்: தம்பி, உங்கள் டிரைவ்வே 30 அடி நீளம் என்று வைத்துக்கொண்டால், நாலடி அகலத்துக்கு 120 சதுர அடி. அது இப்போது புல். புல்லுக்குக் கீழே சல்லியே இல்லை, முழுவதும் தோண்ட வேண்டும். அதனால் சதுர அடி விலை மற்றப் பக்கத்தைவிடக் கூடும். 1,200 டொலருக்குக் குறைந்து சொன்னால் எவ்வளவு தோண்டுகிறார் என்று கேளுங்கள். பழைய பக்கத்தில் ஆழச் சல்லி, புதுப் பக்கத்தில் மெல்லியது என்று இருந்தால் இரண்டும் வேறு வேறு அளவில் உயர்ந்து இறங்கும், சேரும் இடத்தில் நேர்க்கோடாகப் பிளக்கும்.

ஆனால் அதற்கெல்லாம் முதல் நகராட்சி. எவ்வளவு அகலம் விடலாம், முன்பக்கத்தில் எவ்வளவு புல் இருக்க வேண்டும் என்று ஊருக்கு ஊர் விதி இருக்கிறது. நடைபாதைக்கும் வீதிக்கும் நடுவில் இருக்கும் துண்டு உங்களுடையதே அல்ல, நகராட்சியின் நிலம். அனுமதி இல்லாமல் போட்டுவிட்டு, கடிதம் வந்து, திரும்ப உடைத்துப் புல் விதைத்தவர்களை எனக்குத் தெரியும். போட்டதற்கும் காசு, உடைத்ததற்கும் காசு. தோண்டுவதற்கு ஒரு கிழமைக்கு மேல் இருக்கும்போதே ‘ஒன்ராறியோ வன் கோல்’ என்ற சேவைக்குச் சொல்ல வேண்டும். இலவசமாக வந்து காஸ் குழாய், கேபிள் எங்கே போகிறது என்று நிறம் அடித்துக் காட்டுவார்கள். ஒப்பந்தக்காரர் ‘தேவையில்லை’ என்றால் அவரையே மாற்றுங்கள்.

இன்டர்லொக் பற்றி: உப்பு தாரை அரிப்பதில்லை. சீமெந்துத் தரையைத்தான் அது தோலுரிக்கும். இன்டர்லொக் அழகு, உடைந்த கல்லை மட்டும் மாற்றலாம், உண்மைதான். ஆனால் விலை தாரைவிட இரண்டு மூன்று மடங்கு. கீழே சல்லி சரியில்லையென்றால் கல்லும் அமிழும். அமிழ்ந்த கல்லின் விளிம்பில் பனி அள்ளும் சவள் முட்டி முட்டி நிற்கும். தாருக்கு இன்னொரு நன்மை, பெப்ரவரி வெயிலில் கறுப்பு சூடேறி மெல்லிய பனி தானாக உருகிவிடும். வாடகைக்காரர் இரவு வேலை முடிந்து ஐந்து மணிக்கு வந்து காரை விடும் வாசல் என்றால் நான் தார்தான் போடுவேன். அனுமதிக் கடிதம் வந்த பிறகு விலை கேளுங்கள், ஜூன் நடுப்பகுதிக்கு நாள் குறியுங்கள். போட்ட பிறகு மூன்று நாள் காரை வீதியில் விடுங்கள், வெயில் கடுமையாக இருந்தால் ஐந்து நாள். அதற்குப் பின்னும் முதல் கோடை முழுவதும், காரை நிறுத்திய நிலையில் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டாம் என்று வாடகைக்காரரிடமும் சொல்லி வையுங்கள்.